மானுக்கு எந்தத் தோட்டா?

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்களில் மான் வேட்டையைப் பற்றித்தான் பேச்சு. விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைக்கான முக்கியப் பருவம் ஒன்பதே நாள். அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறார்கள். புதிதாக ரைஃபிள் வாங்கப்போகிறவர் கடைக்காரரிடமும் மாமனிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் காலிபர் வாங்கலாம்?" என்பதுதான். ஆளுக்கொரு பதில் வரும். நூற்றிருபது ஆண்டுகளாக ஓயாத விவாதம் இது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த இந்திய வாசகருக்கு இந்தக் கேள்வியே உறுத்தலாக இருக்கலாம். அங்குள்ள நிலைமை வேறு. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் கண்மண் தெரியாத வேட்டையால் ஐந்து லட்சத்துக்கும் கீழே சரிந்திருந்தன. சந்தைக்காகச் சுடுவது தடை செய்யப்பட்டது. பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் ரைஃபிள், தோட்டா மீதான வரிப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. இன்று வெண்வால் மான்கள் ஏறக்குறைய மூன்று கோடி. அவற்றைத் தின்ற ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மான்மீது மோதுவதாகக் காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குச் சொல்கின்றன. ஆகவே சுடுவது நடக்கத்தான் போகிறது. மான் வலியில் துடிக்காமல், குண்டடியோடு புதருக்குள் போய் இரண்டு நாள் கழித்துச் சாகாமல், நொடிகளில் விழ வேண்டும் என்பதுதான் நம் அக்கறையாக இருக்க முடியும். காலிபர் பற்றிய கேள்வியை அந்த அக்கறையோடு மட்டுமே அணுக வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த விவாதத்தில் காலிபருக்குக் கிடைக்கும் இடம் அதன் தகுதிக்கு மிக அதிகம். குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதும், சுடுகிறவரின் தோள் அந்தத் துப்பாக்கியின் உதையைத் தாங்குகிறதா என்பதும் அதைவிடப் பெரிய விஷயங்கள்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அல்லது அதற்குப் பொருந்தும் குண்டின் விட்டம். .30 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு, அதாவது 7.62 மில்லிமீட்டர். ஆனால் ஒரே விட்டமுள்ள குண்டைப் பல அளவுப் பித்தளைக் கூடுகளில் பொருத்தலாம். கூட்டில் எவ்வளவு வெடிமருந்து பிடிக்கிறதோ அதற்கேற்ற வேகம். .30-30, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் நான்கும் ஒரே .308 அங்குலக் குண்டைத்தான் எறிகின்றன. வேகத்தில்தான் முதலாவதுக்கும் கடைசிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். எனவே வேட்டைக்காரர்கள் காலிபர் என்று பேசும்போது உண்மையில் பேசுவது முழுத் தோட்டாவைப் பற்றி. குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். பதினைந்தரை கிரெய்ன் சேர்ந்தால் ஒரு கிராம்.

வரலாற்றில் முதலில் நிற்பது .30-30. 1895இல் புகையில்லா மருந்தோடு வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட தோட்டா. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாடல் நெம்புகோல் ரைஃபிளுக்காக வந்தது. அந்த ரைஃபிள் எழுபது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,390 அடி வேகத்தில் புறப்படும். ஆற்றல் சுமார் 1,900 அடி-பவுண்டு. இன்றைய அளவுகோலில் சாதுவான தோட்டாதான். அந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் முன்னால் இருக்கும் தோட்டாவின் பற்றவைப்பு மூடியில் முட்டி வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் முனை தட்டையான குண்டுகளையே போட்டார்கள். தட்டைமுனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த .30-30இன் குண்டு 200 கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். ஆனால் கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காட்டில் மானைச் சுடுவது பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான். அங்கே இந்தக் கிழத் தோட்டா நூறாண்டுக்கு மேலாகக் குறையின்றி வேலை செய்து வருகிறது.

அடுத்து வந்தவை ராணுவத்தின் பிள்ளைகள். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06, இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது, வேட்டைக்காரர் கைக்கும் வந்தது. அதன் கூட்டின் கழுத்தைக் குறுக்கி 1925இல் வின்செஸ்டர் செய்ததுதான் .270. 130 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 3,060 அடி. 'அவுட்டோர் லைஃப்' இதழில் ஜாக் ஓ'கானர் பல்லாண்டுகள் அதன் புகழ் பாடியதில், மேற்கின் திறந்த மலைச்சரிவுகளில் அது ஏறக்குறைய அதிகாரபூர்வத் தோட்டாவாகிவிட்டது. 1952இல் .308 வந்தது. நீளம் குறைந்த கூடு, .30-06க்கு மிக நெருங்கிய பலம். அதன் கழுத்தைக் குறுக்கி 1955இல் .243ஐயும், 1980இல் 7மிமீ-08ஐயும் செய்தார்கள். 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடும் போட்டிக்காகக் கொண்டுவந்த 6.5 க்ரீட்மூர் இன்று மான் வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதன் நீண்ட ஒடுங்கிய குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், உதையும் மிதமானது. இதில் பெரிய புதுமை ஏதும் இல்லை. ஸ்வீடன்காரர்கள் 1890களிலிருந்தே 6.5×55 என்ற தோட்டாவால், மானைவிடப் பல மடங்கு பெரிய மூஸைச் சுட்டு வருகிறார்கள்.

நம் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர் ஒன்று இந்த வரிசையில் உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. அது 1892இல் பிறந்த 7×57 தோட்டாவின் பிரிட்டிஷ் பெயர்தான். இன்றைய 7மிமீ-08 ஏறக்குறைய அதே வேலையை ஒரு சின்னக் கூட்டில் செய்கிறது.

இந்த வரலாற்றில் மிகவும் பாடம் சொல்வது ஒரு தோல்வியின் கதை. 1955இல் வின்செஸ்டர் .243ஐ வெளியிட்ட அதே ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் .244 என்ற தோட்டாவை வெளியிட்டது. இரண்டும் ஒரே விட்டக் குண்டு. ரெமிங்டனின் கூட்டில் மருந்துகூடச் சற்று அதிகம் பிடிக்கும். காகிதத்தில் அதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ரைஃபிள் குழலுக்குள் திருகுபோல ஓடும் வெட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவைதான் குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்கின்றன. குண்டு நீளமாக ஆக ஆக வேகமான சுழற்சி வேண்டும். ரெமிங்டன் தன் குழலில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. வயலை அழிக்கும் சிறு பிராணிகளைச் சுட 75 கிரெய்ன், மிஞ்சினால் 90 கிரெய்ன் குண்டு போதும் என்பது அதன் கணக்கு. வின்செஸ்டர் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. அதில் 100 கிரெய்ன் குண்டும் தடுமாறாமல் பறந்தது. மான் வேட்டைக்காரர்களுக்கு வேண்டியது அந்த 100 கிரெய்ன் குண்டுதான். .243 பரவியது, .244 படுத்துவிட்டது. 1963இல் ரெமிங்டன் சுழற்சியைத் திருத்தி, 6மிமீ ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றி மறுபடி விட்டுப் பார்த்தது. பிந்திய வண்டி பிந்தியதுதான். ஒரே காலிபர், ஒரே ஆண்டு. குழலுக்குள் இருந்த ஒரு திருகு வித்தியாசம் இரண்டின் தலையெழுத்தையும் தீர்மானித்தது. காலிபர் எண்ணை மட்டும் பார்த்து ரைஃபிள் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? கொலராடோ மாநிலத்தில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன் குண்டு, நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். .223 அங்கே மானுக்கு ஆகாது. வேறு சில மாநிலங்களில் ஆகும். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் .240 காலிபரும் 1,700 அடி-பவுண்டும் கேட்கிறது. எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால், சிறிய ரோ மானுக்கு 50 கிரெய்ன் குண்டும் 1,000 அடி-பவுண்டும் போதும். செம்மானுக்கு 80 கிரெய்னும் 1,750 அடி-பவுண்டும் வேண்டும். ஜெர்மனியில் ரோ மானுக்கு நூறு மீட்டரில் 1,000 ஜூல், மற்றப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டரும் 2,000 ஜூலும். ஒரே விலங்குக்கு நாட்டுக்கு நாடு வேறு எண் என்பதிலிருந்தே, இவை உடற்கூற்றிலிருந்து கறாராகக் கிடைத்த எண்கள் அல்ல, அனுபவத்தில் போட்ட வேலிகள் என்று தெரிகிறது. வேலி தேவைதான். .22 ரிம்ஃபயரை எடுத்துக்கொண்டு மானைக் குறிவைப்பவரை அது தடுக்கும். ஆனால் வேலிக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லாது.

ஆற்றல் கணக்கையே வேதமாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வில் வேட்டையைப் பார்க்க வேண்டும். நவீன கப்பி வில்லிலிருந்து புறப்படும் அம்பின் ஆற்றல் 60, 70 அடி-பவுண்டு, அவ்வளவுதான். அது இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு மறுபக்கம் போனால் மான் நிமிஷத்துக்குள் விழுந்துவிடும். 3,000 அடி-பவுண்டு மேக்னம் குண்டு குடலில் பட்டால் மான் மணிக்கணக்கில் துடிக்கும். குண்டு எதைக் கிழித்தது என்பதே கொல்கிறது.

இதற்கு நல்ல சான்று தெற்கு கரோலினாவில் உண்டு. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வேட்டைக் குழுவின் நிலத்தில் விழுந்த 493 மான்களை மாநிலக் காட்டுயிர்த் துறையினர் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு மானுக்கும் எந்தக் காலிபர், எந்தக் குண்டு, எங்கே பட்டது, அடிபட்ட பின் எவ்வளவு தூரம் ஓடியது என்று குறித்தார்கள். .24 முதல் .30 வரை காலிபர்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில், மான் ஓடிய தூரத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பட்ட இடத்தில்தான் வேறுபாடு. தோள்பட்டையில் பட்டவை சராசரி மூன்று கெஜத்தில் விழுந்தன. இதயத்தில் பட்டவை 39 கெஜம், நுரையீரலில் பட்டவை 50 கெஜம், வயிற்றில் பட்டவை 69 கெஜம் ஓடின. இன்னொன்றும் தெரிந்தது: எளிதில் விரியும் மென்மையான குண்டுகள், இறுக்கமான கடின குண்டுகளைவிடச் சீக்கிரம் மானை வீழ்த்தின. காலிபர் சண்டை போடுகிற எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு இது. தோள்பட்டை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் அங்கேயே குறிவைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். குறி நாலங்குலம் முன்னால் தவறினால் மார்புச் சதையோடும் காலோடும் போய்விடும். நுரையீரல் பெரிய இலக்கு, எந்தப் பக்கம் சற்றுத் தவறினாலும் இடம் கொடுக்கும். புதியவர்களுக்கு, பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் என்ற பழைய பாடமே நல்லது.

இனிக் குண்டுக்கு வருவோம். ராணுவக் குண்டு முழுக்கச் செம்புக் கவசம் போட்டது. உடலுக்குள் விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போய்விடும். அதை மான்மீது பயன்படுத்துவது பல மாநிலங்களில் குற்றம். வேட்டைக் குண்டின் முனையில் ஈயம் வெளித்தெரியும். உடலில் பட்டதும் அது பூப்போல மலர்ந்து, தன் விட்டத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்காகிக் கொண்டே உள்ளே போக வேண்டும். மலராவிட்டால் சின்னத் துளை. மலர்ந்து சிதறிவிட்டால் மேல்சதையோடு நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே குண்டை நிறுத்துவதுதான் குண்டு செய்கிறவரின் கலை. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்ட ஜான் நோஸ்லர், தன் குண்டுகள் சிதறி உள்ளே இறங்காததைக் கண்டார். குண்டின் நடுவே செம்பால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி மலரும், பின்பாதி கட்டுக்குலையாமல் தொடர்ந்து இறங்கும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு 1948 முதல் விற்பனையில் இருக்கிறது. அதன் பிறகு வந்த நல்ல குண்டுகளில் பலவும் அந்தச் சிக்கலுக்கு வேறு வேறு வழியில் கண்ட விடைகள்தாம். நல்ல குண்டு போட்ட .243, மட்டமான குண்டு போட்ட .30-06ஐவிட நம்பகமானது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஈயத்தைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. வேகமாகப் பாயும் ஈயக் குண்டு உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இறைச்சியில் பரவுகிறது. 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்கு வேட்டைக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த மானிறைச்சியைப் படம்பிடித்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அதை வழங்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னது. வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடலைத் தின்னும் கழுகுகளின் கதை இன்னும் மோசம். 1982இல் உலகிலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்த கலிஃபோர்னியா காண்டார் கழுகுகளை இன்றும் அதிகம் கொல்வது ஈய நச்சுதான். 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. முழுச் செம்புக் குண்டு, காலிபர் கேள்வியையும் மாற்றிவிட்டது. செம்பு உடையாது, எடை இழக்காது, ஆழமாக இறங்கும். ஆகவே முன்பு 150 கிரெய்ன் ஈயம் செய்த வேலையை 130 கிரெய்ன் செம்பு செய்கிறது. ஆனால் அது மலர வேகம் வேண்டும். தொலைவில் வேகம் குறைந்தால் மலராமலே போகும். அதனால் எடை குறைந்த குண்டை வேகமாக அனுப்புவதும், தூரத்தைக் கட்டுப்படுத்துவதும் நல்லது. வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால், செம்பின் கூடுதல் விலையைப் பார்க்காமல் அதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றையும்விட அதிகம் மறைக்கப்படும் விஷயம் உதை. எட்டு பவுண்டு ரைஃபிளில் .243இன் உதை சுமார் 9 அடி-பவுண்டு. .308க்கு 16, 17. .30-06க்கு 20. .300 மேக்னத்துக்கு 26க்கும் மேல். ஆண்பிள்ளைக்கு உதையெல்லாம் ஒரு பொருட்டா என்று பேசுகிறவர்களைச் சோதிக்க எளிய வழி ஒன்று சுடுபயிற்சிக் களங்களில் உண்டு. நண்பர் ஒருவர், சுடுகிறவருக்குத் தெரியாமல், உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தருவார். சுடுகிறவர் குறிபார்த்து விசையை இழுப்பார். வெடிக்காது. அந்த நொடியில் குழல்முனையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தோள் முன்னுக்கு இடிக்கும், கண் இறுக மூடும், முனை சட்டென்று கீழே குனியும். உடம்பு உதையை எதிர்பார்த்துத் தானாகச் செய்யும் காரியம் இது. வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் குனிவு நூறு கெஜத்தில் நுரையீரலை வயிறாக மாற்றப் போதும். காட்டில் வயிற்றில் அடிபட்டு ஓடும் மான்களில் பலவும், தோளுக்குப் பெரிய ரைஃபிள் எடுத்தவர்களின் கைவேலை என்றே நான் எண்ணுகிறேன். உதை குறைந்தால் பயிற்சியில் அதிகம் சுடலாம் என்ற லாபமும் இருக்கிறது. மேக்னம் வாங்கியவர் வருஷத்துக்குப் பத்துத் தோட்டாகூடச் சுடாமல் அதை அலமாரியில் வைத்துவிடுவதுதான் வழக்கம்.

பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் .243தான் என்று கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சிறிய குண்டு, பிழைக்கு இடம் குறைவு. அனுபவமில்லாதவர் கையில் 7மிமீ-08 அல்லது 6.5 க்ரீட்மூர் கொடுத்தால் உதை கொஞ்சம்தான் கூடும். குண்டின் எடையோ 140 கிரெய்னுக்குப் போய்விடும். கொஞ்சம் கோணலாக நிற்கும் மானிலும் அது நுரையீரல்வரை போய்ச் சேரும்.

சில இடங்களில் தேர்வு நம் கையிலேயே இல்லை. ஒஹாயோ, இண்டியானா, அயோவா போன்ற, சமவெளியும் பண்ணை வீடுகளும் நெருங்கிய மாநிலங்களில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும் என்ற பயத்தால் நெடுங்காலம் ஷாட்கன் மட்டுமே அனுமதி. 2014இல் ஒஹாயோ, கழுத்துக் குறுகாத நேர்க்கூட்டுத் தோட்டாக்களை அனுமதித்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. அந்தச் சட்டத்துக்கென்றே 2019இல் வின்செஸ்டர் .350 லெஜெண்டைச் செய்தது. 150 கெஜத்துக்குள் அது போதும்.

மானின் உடம்பும் ஒன்றுபோல இல்லை. டெக்சஸின் குன்றுநாட்டு வெண்வால் கிடா பலவும் ஐம்பது கிலோவைத் தாண்டுவதில்லை. கனடா எல்லையோரக் கிடா நூறு கிலோவைத் தாண்டும். அதே டெக்சஸில் 1930களில் கொண்டுவந்து விட்ட நம் புள்ளிமான்கள் இன்று காடு காடாகத் திரிகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோன கடமான்கள் பெருகி மலைக்காட்டையே மேய்கின்றன. மிளா என்றும் மரை என்றும் நாம் சொல்லும் அந்தப் பெரிய மானுக்கு அங்கே குறைந்தபட்சம் .270 காலிபரும் 130 கிரெய்ன் குண்டும் வேண்டும் என்று சட்டம். புள்ளிமானுக்கு .243உம் 80 கிரெய்னும் போதும். இரண்டையும் ஒரே ரைஃபிளால் வேட்டையாட நினைப்பவர் .308 வாங்கிவிட்டால் சட்டமும் நிறைவேறும், கடமானும் விழும். கடமான் கிடா இருநூறு கிலோவைத் தாண்டும். அங்கே கனமான குண்டு கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தோட்டா கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். 2020, 2021இல் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது, அபூர்வக் காலிபர் வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். கிராமத்துக் கடையிலும் கிடைக்கிற .308, .30-06, .270, .243, 6.5 க்ரீட்மூர், .30-30 ஆகியவற்றில் ஒன்றை வாங்குவதே விவேகம்.

ஒன்றைச் சொல்லு என்றால், 300 கெஜத்துக்குள் வெண்வால் மானைச் சுட நினைக்கும் புதியவருக்கு நான் .308 அல்லது 6.5 க்ரீட்மூரைச் சொல்வேன். உதை கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதவருக்கு, நல்ல குண்டு போட்ட .243. அடர்ந்த காட்டில் மட்டும் நிற்பவரிடம் தாத்தாவின் .30-30 இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. மேக்னம் எதுவும் மானுக்குத் தேவையில்லை.

வாங்கியாயிற்றா? பருவம் தொடங்குமுன் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மரத்தட்டியில் குத்தி, பின்னால் மண்மேடு இருக்கும் பயிற்சிக் களத்தில் வையுங்கள். மேசைமேல் சாய்ந்து சுட வேண்டாம். காட்டில் எப்படி உட்காருவீர்களோ, மண்டியிடுவீர்களோ, அப்படியே சுடுங்கள். ஐந்து குண்டும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் தூரம். அதற்கு அப்பால் நிற்கிற மானைத் தயவுசெய்து சுடாதீர்கள்.